பூட்டிய காரும் காவலற்ற முகப்பும்

வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா ஆகிய அமெரிக்க மேற்குக் கரை மாநிலங்களில் மலையேற்றப் பாதை தொடங்கும் இடத்துக்குப் போனால் கண்ணில் படுவது பெரும்பாலும் இவ்வளவுதான்: சரளை பரப்பிய வாகன நிறுத்துமிடம், ஒரு கழிவறை, வரைபடம் ஒட்டிய அறிவிப்புப் பலகை, அதன் ஓரத்தில் விலையுயர்ந்த பொருள்களைக் காரில் விட்டுச் செல்ல வேண்டாம் என்னும் எச்சரிக்கை. பல இடங்களில் பலகைக்குச் சில அடி தள்ளித் தரையில் உடைந்த கார்க் கண்ணாடித் துகள்களும் கிடக்கும். காலையில் காரைப் பூட்டிவிட்டு மலையேறிய குடும்பம் மாலையில் களைத்துத் திரும்பும்போது ஜன்னல் உடைந்திருக்கிறது, பையைக் காணோம், கைப்பேசியில் சிக்னல் இல்லை, அருகிலுள்ள ஊர் ஒரு மணி நேரத் தொலைவில். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு எதைக் காரில் வைத்தீர்கள் என்ற கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வி தவறானதல்ல, ஆனால் தடுப்பு அதனோடு நின்றுவிடுவதுதான் இத்திருட்டு ஆண்டுதோறும் அதே இடங்களில் தொடர்வதற்குக் காரணம் என்பது என் வாதம். பாதைமுகப்பில் நடக்கும் திருட்டை உருவாக்குவது மலையேறுபவரின் கவனக்குறைவைவிட அந்த இடத்தின் அமைப்புதான். ஆகவே அதைத் தடுக்கும் முதன்மைப் பொறுப்பு, இடத்தை அமைத்து நடத்தி, பல இடங்களில் கட்டணமும் வாங்குகிற அரசு அமைப்பைச் சேர்ந்தது.

லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்னும் இரு சமூகவியலாளர்கள் 1979-இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். திருட மனமுள்ள ஒருவர், திருடத் தக்க ஒரு பொருள், அதைக் காக்கக் கூடியவர் இல்லாத நிலை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடும்போது குற்றம் நிகழ்கிறது. குற்றவாளியின் மனத்தை மட்டுமே ஆராய்ந்து கொண்டிருந்த துறையைச் சூழலின் பக்கம் திருப்பியது அந்தக் கட்டுரை. நகரத் தெருவில் இந்த மூன்றும் எப்போதாவது தற்செயலாகக் கூடுகின்றன. பாதைமுகப்பிலோ அவை நிரந்தரமாகக் கூடியிருக்கின்றன. கடைவீதியில் நிறுத்திய காரின் உரிமையாளர் ஐந்து நிமிடத்தில் வரலாம், ஐம்பது நிமிடத்தில் வரலாம், திருடனுக்குத் தெரியாது. மலைமேல் எட்டு மைல் நடந்து திரும்ப வேண்டிய பாதையில் காலை 9 மணிக்கு ஏறியவர் பகல் 12 மணிக்கு முன் திரும்ப மாட்டார் என்பது அங்கே நிற்கும் எவருக்கும் தெரியும். அந்த உறுதியான நேரம்தான் திருடனுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வசதி. பல வனப்பகுதிகளில் நுழைவுப் பதிவேடும் அதற்குத் துணைபோகிறது. காணாமல் போனால் தேடுவதற்காகப் பெயர், போகுமிடம், திரும்பும் நாள் எல்லாவற்றையும் பாதைத் தொடக்கத்தில் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். திறந்து கிடக்கும் ஏட்டில் மூன்று இரவு தங்கப்போவதாக ஒருவர் எழுதினால், அவருடைய கார் மூன்று நாள் கேட்பாரற்று நிற்கும் என்ற செய்தியும் அதில் அடங்கிவிடுகிறது. ஏட்டுக்குப் பதிலாகத் துளையிட்டுப் பூட்டிய பெட்டி ஒன்றை வைத்தால் தீரும் சிக்கல் இது. எந்த மலையேறுபவராலும் அந்தப் பெட்டியை வைக்க முடியாது. இடத்தை நடத்துபவரால் மட்டுமே முடியும்.

திருடும் விதமும் சூழலுக்கு ஏற்றபடியே அமைந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் பகுதியை உடைத்தெடுத்த சிறு துண்டு ஒன்று போதும். கடினமும் கூர்மையும் கொண்ட அது பட்ட மாத்திரத்தில் பக்கக் கண்ணாடி அதிகச் சத்தமின்றி நொறுங்கி விழும். கண்ணாடி உடைவதிலிருந்து கை உள்ளே போய்ப் பையோடு வெளியே வருவதற்குள் ஒரு நிமிடம்கூட ஆகாது. கேமரா, மடிக்கணினி போன்றவை கிடைத்தால் லாபம்தான். ஆனால் தொழிலாகச் செய்பவர்கள் முதலில் தேடுவது பர்ஸை. கடன் அட்டையின் உரிமையாளர் இன்னும் மலையில் இருக்கிறார். வங்கி அனுப்பும் எச்சரிக்கை அவருக்கு எட்டாது. அதற்குள் அருகிலுள்ள ஊரின் பெரிய கடையில் பரிசு அட்டைகளாக அந்தப் பணம் மாறிவிடும். புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் பகுதியில் தோன்றிப் பல மாநிலங்களில் உலவும் ‘ஃபெலனி லேன்’ கும்பல்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயின. பூங்கா, உடற்பயிற்சிக்கூடம், குழந்தைகள் காப்பகம் போன்ற இடங்களில் பெண்கள் காரில் விட்டுச் செல்லும் கைப்பைகளைக் குறிவைத்து, அடையாள அட்டையையும் காசோலையையும் எடுத்து, வங்கியில் காரிலிருந்தபடியே பணம் பெறும் வரிசைகளில் கேமராவுக்கு மிகத் தொலைவிலுள்ள வரிசையில் போய்ப் பணம் எடுப்பது அவர்கள் வழக்கம். காரின் பதிவுச் சான்றில் வீட்டு முகவரி இருக்கிறது, பக்கத்திலேயே கராஜ் கதவைத் திறக்கும் ரிமோட் இருக்கிறது. இரண்டும் ஒரே கையில் சிக்கினால் அடுத்து வீடு. சியாட்டிலிலும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கும் இதில் கூடுதல் ஆபத்து உண்டு. விசா பதித்த இந்தியக் கடவுச்சீட்டு தொலைந்தால் காவல்துறை அறிக்கை, தூதரக விண்ணப்பம், மீண்டும் விசா என்று மாதக் கணக்கில் அலைச்சல். விடுமுறைப் பயணத்தில் வாடகைக் காரின் டிக்கியில் பயணச் சாமான் முழுவதையும் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகும் வழியில் ஓர் அருவியைப் பார்க்க இறங்கும் குடும்பம்தான் இத்திருடர்களுக்கு மிக எளிய இலக்கு.

தனிமனிதர் செய்ய வேண்டியவை இருக்கவே செய்கின்றன. கடவுச்சீட்டு, பர்ஸ், கிரீன் கார்டு மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும். கிரீன் கார்டைக் கையில் வைத்திருப்பது சட்டப்படியும் கடமை. பையை டிக்கிக்கு மாற்றுவதென்றால் கிளம்பிய இடத்திலேயே மாற்றிவிட வேண்டும், நிறுத்துமிடத்தில் வந்து மாற்றுவது எது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதாகும். சாவியைச் சக்கரத்தின் மேலோ பம்பரின் அடியிலோ ஒளிக்கக் கூடாது. அங்கே ஒளிப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்த அறிவுரைகளை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவற்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். திருடனுக்குக் கண்ணாடியை உடைத்துப் பார்க்க எதுவும் செலவில்லை. ஆகையால் வெறுங்காரும் உடைபடுகிறது. இன்று மலைக்குப் போகும் கார்களில் பெரும்பகுதி எஸ்யூவி. அவற்றில் தனியாக மூடிய டிக்கி கிடையாது. நெடுந்தூரம் வந்தவரிடம் வீட்டில் விட்டுவிட்டு வா என்று சொல்வதில் பொருளில்லை. எச்சரிக்கைப் பிரசாரங்களின் பலனையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். காரைப் பூட்டுங்கள் என்று மக்களை வலியுறுத்திய பிரசாரங்களை பிரிட்டிஷ் உள்துறையின் ஆய்வாளர்கள் 1980 வாக்கில் மதிப்பிட்டபோது, மக்களின் பழக்கத்திலோ திருட்டின் எண்ணிக்கையிலோ சொல்லும்படியான மாற்றம் எதையும் அவர்கள் காணவில்லை. எச்சரிக்கைப் பலகையை ஒரு தொடக்கமாக ஏற்கலாம். அதை வைத்ததோடு கடமை முடிந்ததென்று நிர்வாகம் கருதுவதைத்தான் ஏற்க முடியாது.

இதே மலைகளில், இதே வாகன நிறுத்துமிடங்களில், இதே வகைச் சேதத்தை ஓர் அரசு அமைப்பு தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு ஒழித்துக்காட்டிய வரலாறு இருக்கிறது. அங்கே கார்களை உடைத்தவை கரடிகள். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998-இல் கரடிகளால் ஏறக்குறைய 1,600 சம்பவங்கள் நடந்தன. சேதம் 6,50,000 டாலருக்கும் மேல். காருக்குள் இருக்கும் உணவின் வாசனைக்குக் கதவின் மேற்சட்டத்தையே வளைத்துப் பிய்த்து உள்ளே நுழையக் கற்றிருந்தன அவை. அதற்கு முன்பும் உணவைக் காரில் வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது. 1999 முதல் அமெரிக்க நாடாளுமன்றம் தனி நிதி ஒதுக்கியது. பூங்கா நிர்வாகம் முகாம்களிலும் பாதைமுகப்புகளிலும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை வைத்தது. இருட்டிய பிறகு காரில் உணவு இருக்கக் கூடாது என்பதை விதியாக்கி அபராதம் விதித்தது. இரவு ரோந்து வைத்தது. எங்கே எத்தனை கார் உடைந்தது என்று விடாமல் கணக்கெடுத்தது. சம்பவங்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. கணக்கெடுப்பினால் இன்னொன்றும் தெரியவந்தது. 2001 முதல் 2007 வரை உடைக்கப்பட்ட 908 வாகனங்களை ஆராய்ந்தவர்கள், மினிவேன்கள் அவற்றின் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவுக்கு மிக அதிகமாக உடைபட்டிருப்பதைக் கண்டார்கள். சில கரடிகள் மட்டும் மினிவேனை உடைக்கக் கற்றுக்கொண்டு அதையே தேடிப் போயிருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று. மனிதக் குற்றத்திலும் இப்படித்தான்: பிலடெல்பியாவில் 1945-இல் பிறந்த சிறுவர்களைப் பின்தொடர்ந்து 1972-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே குற்றங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைச் செய்திருந்தார்கள். கரடி வேறு, மனிதர் வேறு என்பது உண்மை. மனிதர் பெட்டியையும் உடைப்பார். ஆனால் யோசெமிட்டி காட்டும் பாடம் பெட்டியைப் பற்றியதல்ல. கரடிச் சேதத்தைப் பூங்கா தன் சிக்கலாக எண்ணியது. அதனால் எண்ணிக்கை பிறந்தது, நிதி பிறந்தது, இடத்தின் அமைப்பு மாறியது. மனிதர் உடைக்கும் கார்களை எந்த நிர்வாகமும் அப்படி எண்ணவில்லை.

கண்காணிப்பு மனிதத் திருடர்களிடம் வேலை செய்யுமா என்றால், வாகன நிறுத்துமிடங்களைப் போலத் தெளிவான சான்றுள்ள இடம் குற்றவியலில் குறைவு. பிராண்டன் வெல்ஷும் டேவிட் ஃபாரிங்டனும் 2009-இல் 44 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கண்காணிப்புக் கேமரா பொதுவாகக் குற்றத்தை 16 விழுக்காடு குறைத்தது. வாகன நிறுத்துமிடங்களில் மட்டும் 51 விழுக்காடு. கூடுதல் ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் வந்த தொகுப்பில் அது 37 விழுக்காடாக இறங்கினாலும் மிக நல்ல பலன் அங்கேதான் கிடைத்தது. அந்த இடங்களில் பலவற்றில் கேமராவோடு வெளிச்சமும் காவலும் சேர்ந்திருந்தன என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஆகவே கம்பத்தில் ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போனால் போதும் என்று இந்த எண்களிலிருந்து முடிவு கட்ட முடியாது. பாதைமுகப்புக்கு இதைவிட நெருக்கமான சான்று கனடாவிலிருந்து கிடைக்கிறது. வான்கூவர் புறநகரில் காரை நிறுத்திவிட்டு ரயிலேறி வேலைக்குப் போகிறவர்களின் ஸ்காட் ரோடு நிறுத்துமிடத்தில் 1995-இல் ஒரு மாதம் மட்டும் மிதிவண்டிக் காவலர்களை நிறுத்திப் பார்த்தார்கள், முன்கூட்டியே விளம்பரமும் செய்தார்கள். கார்கள் நாள் முழுவதும் கேட்பாரின்றி நிற்கும் இடம், உரிமையாளர் மாலைக்கு முன் திரும்ப மாட்டார். பாதைமுகப்பின் அதே இலக்கணம். திருட்டு குறைந்தது, காவலர்கள் போன பின்பும் சில காலம் குறைவாகவே இருந்தது. மினியாபொலிஸ் நகரத் தரவுகளை ஆராய்ந்த கிறிஸ்டோபர் கோப்பர் 1995-இல் காட்டியது இதற்கு விளக்கம் தருகிறது: குற்றம் மலிந்த ஓரிடத்தில் காவலர் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனால், போன பிறகும் அந்த இடம் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கிறது, அதற்கு மேல் நிற்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு. நாள் முழுதும் ஓரிடத்தில் ஒருவரை நிறுத்த ஆளில்லாத வனத்துறைக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஒரே வண்டி ஒரு சனிக்கிழமையில் ஆறேழு முகப்புகளுக்கு, எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதபடி, கால் மணி நேரம் வீதம் போய்வர முடியும். திருடனுக்கு இடம் அளித்த உறுதியான நேரத்தை உடைக்க அது போதும்.

மலைப்பகுதி பரந்தது, மின்சாரமும் சிக்னலும் இல்லாதது, தேசிய வனங்கள் மட்டுமே 19.3 கோடி ஏக்கர், அவற்றை யார் காப்பது என்ற மறுப்பு உடனே எழும். அந்த எண் மெய், ஆனால் இங்கே பொருந்தாது. திருட்டு 19.3 கோடி ஏக்கரில் நடக்கவில்லை. கார் நிற்கும் சில ஏக்கர்களில் நடக்கிறது, அவற்றிலும் சிலவற்றில்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது. அடிக்கடி பேசப்படும் இடங்களைப் பாருங்கள்: கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஈகிள் கிரீக், ஏஞ்சல்ஸ் ரெஸ்ட் இரண்டும் போர்ட்லண்டிலிருந்து வரும் 84-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியவை, சியாட்டிலுக்குக் கிழக்கே மவுண்ட் சை 90-ஆம் எண் நெடுஞ்சாலைக்குப் பக்கம். திருடனுக்கும் சாலை வேண்டும், தப்பிச் செல்ல வழி வேண்டும், அட்டையைப் பயன்படுத்தக் கடை வேண்டும். அவனுக்கு வசதியான இடம் காவலருக்கும் வசதியான இடமே. கேமராவும் கம்பமும் வனத்தின் தன்மையைக் கெடுக்கும் என்கிறவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் 1964-ஆம் ஆண்டின் வனப்பாதுகாப்புச் சட்டம் தூய வனப்பகுதிக்குள் மோட்டார் வாகனங்களையே அனுமதிப்பதில்லை, ஆகவே கார் நிறுத்துமிடம் அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. தனியுரிமை பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. நம்பர் பிளேட்டைத் தானே படித்துச் சேமிக்கும் கேமராக்கள், யார் எந்த நாளில் எங்கே போனார் என்ற பதிவாக மாறுகின்றன. அந்தப் பதிவு எந்தத் துறையின் கைக்குப் போகும் என்பது, குறிப்பாக விசாவில் வாழ்பவர்களுக்கு, சின்னக் கேள்வியல்ல. அதனால்தான் கேமராவைவிட ஆளை நான் முன்னால் வைக்கிறேன். கோடைக்காலத்தில் முகாம்களில் இலவசமாகத் தங்கி அவற்றைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வத் தம்பதியர் அமெரிக்காவில் ஏற்கெனவே ஏராளம். அவர்கள் தங்கும் வேன் ஒன்றை முகாமின் உள்மூலையில் நிறுத்தாமல் பாதைமுகப்பில் நிறுத்தினால், யாரையும் படம் பிடிக்காமலே அந்த இடத்துக்கு ஆளரவம் வந்துவிடும்.

இங்கே தடுத்தால் அடுத்த பாதைக்குப் போவான் என்பது பரவலான நம்பிக்கை. குற்றவியலில் நன்றாகச் சோதிக்கப்பட்ட நம்பிக்கைகளுள் இதுவும் ஒன்று, அது பெரும்பாலும் பொய்த்திருக்கிறது. ராப் கெரெட்டும் கேட் பவர்ஸும் 2009-இல் 102 மதிப்பீடுகளைத் தொகுத்தார்கள்: குற்றம் வேறிடத்துக்கு நகர்ந்ததற்கான தடயம் 26 விழுக்காடு பார்வைகளில் இருந்தது, அதற்கு நேர்மாறாக, காவல் இல்லாத பக்கத்து இடங்களிலும் குற்றம் குறைந்தது 27 விழுக்காடு பார்வைகளில் தெரிந்தது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக வளாகத்தில் 1986-இல் நான்கு நிறுத்துமிடங்களில் மூன்று கேமராவின் பார்வைக்குள் வந்தபோது, முந்தைய ஆண்டு 92 ஆக இருந்த திருட்டு 31 ஆக இறங்கியது. நான்காவது நிறுத்துமிடத்திலும் அதே அளவு குறைந்தது. எது பார்க்கப்படுகிறது, எது பார்க்கப்படவில்லை என்று திருடனுக்குத் துல்லியமாகத் தெரியாது என்பதே காரணமாக இருக்க வேண்டும். ஒரு பகுதி நகரவே செய்தாலும், பழகிய இடத்தையும் தப்பும் வழியையும் விட்டுப் போகிறவன் முன்பிருந்த அளவுக்குத் திருடுவதில்லை.

தண்டனையைக் கடுமையாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் அடுத்து வருகிறார்கள். அவர்கள் பக்கம் சான்றே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கலிஃபோர்னியா 2014-இல் முன்மொழிவு 47 மூலம் சிறு திருட்டுகளுக்கான தண்டனையைக் குறைத்த பின், அம்மாநிலத்தின் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு திருட்டு சுமார் 9 விழுக்காடு கூடியதாகவும், அதில் கார்களிலிருந்து திருடுவதே முக்கியப் பங்கு என்றும் சொன்னது. ஆனால் அந்தச் சட்டம் தண்டனையை மட்டும் மாற்றவில்லை, சிறு குற்றத்துக்குக் காவலர் கைதுசெய்யும் ஆர்வத்தையும் மாற்றியது. தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடுவோம் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கிறது என்பது டேனியல் நேகின் போன்றோர் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன முடிவு. அந்த உறுதி இங்கே எவ்வளவு? 2019-இல் அமெரிக்கா முழுவதும் பதிவான சாதாரணத் திருட்டுகளில் 18.4 விழுக்காடே துப்புத் துலங்கியவை. கையும் களவுமாகப் பிடிபடும் கடைத் திருட்டும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பதால், கார்த் திருட்டின் பங்கு இன்னும் கீழே. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2017-இல் 31,000-க்கும் மேற்பட்ட கார்கள் உடைக்கப்பட்டன. கைதில் முடிந்தவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அதே நகரம் 2023 ஆகஸ்டு முதல் சுற்றுலா இடங்களில் தூண்டில் கார்களையும் சீருடையற்ற காவலர்களையும் இறக்கியது. அடுத்த ஆண்டில் கார் உடைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மாநிலச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. கார்க் கதவு பூட்டியிருந்தது என்பதை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருந்ததால், உடைந்த கண்ணாடியே கண்முன் இருந்தும், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஊர் திரும்பிவிட்ட பயணியின் சாட்சியம் இல்லாமல் வழக்கு சரிந்தது. 2024 ஆகஸ்டில் கையெழுத்தான புதிய சட்டம் 2025 முதல் அந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. மலையேறும் வெளியூர்க்காரருக்கு இதனால் மெய்யான பயன் உண்டு. இத்தகைய சட்டத் திருத்தத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். சிறை ஆண்டுகளைக் கூட்டிக்கொண்டே போவதால் மலையடிவாரத்தில் எதுவும் மாறாது.

வறுமையும் போதைப் பழக்கமும்தான் வேர், அதை விட்டுவிட்டு நிறுத்துமிடத்தைக் காப்பது மேலோட்டமான வேலை என்று சொல்பவர்களும் உண்டு. வேர் அங்கே இருக்கலாம். ஆனால் போதையிலிருந்து ஒருவரை மீட்கும் சிகிச்சையும், அவர் எளிதாகத் திருட முடியாத இடமும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. வருமானம் எளிதாக வரும்வரை பழக்கத்தை விடுவதும் கடினம். இடத்தை மாற்றுவதால் மட்டும் தீராத திருட்டுகளும் உண்டு. காரையே தூக்கிக்கொண்டு போகும் திருட்டைப் பொறுத்தவரை விடை வாகனத் தொழிற்சாலையில் இருக்கிறது. சாவியிலுள்ள சிப் இல்லாமல் எஞ்சின் இயங்காதபடி செய்யும் இம்மொபிலைசரைக் கனடா 2007-இலேயே புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது, அமெரிக்கா ஆக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு மாடல்களில் பிற நிறுவனங்களின் கார்களில் 96 விழுக்காட்டில் அது இருந்தபோது ஹூண்டாய், கியா கார்களில் 26 விழுக்காட்டில்தான் இருந்தது. பின்னால் நாடெங்கும் அவை களவுபோனதற்கு அதுவே காரணம். நெடுநேரம் நிற்கும் கார்களின் அடியிலிருந்து கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அறுத்தெடுப்பது ரோடியம், பல்லேடியம் விலையோடு ஏறி விலையோடு இறங்கியது. அங்கே கவனிக்க வேண்டியவர் பழைய உலோகத்தை வாங்குபவர்.

முகப்பில் நிற்கும் கார்களின் எண்ணிக்கையையே குறைப்பது இன்னொரு வழி. சியாட்டிலை உள்ளடக்கிய கிங் கவுண்டி 2017-இல் பாதைமுகப்புகளுக்கு வாரயிறுதிப் பேருந்துகளை விட்டது. 2016-இல் போர்ட்லண்டிலிருந்து மல்ட்னோமா அருவிக்குக் கொலம்பியா கார்ஜ் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. கொலம்பியா பள்ளத்தாக்கிலுள்ள டாக் மவுண்டனில் பூக்கும் பருவத்து வாரயிறுதிகளுக்கு 2018 முதல் அனுமதிச் சீட்டும், தொலைவிலுள்ள திடலில் காரை விட்டு வரப் பேருந்தும் வந்தன. இவை எதுவும் திருட்டைத் தடுப்பதற்காக வந்தவையல்ல. நெரிசலைக் குறைக்கவும் கார் இல்லாதவருக்கு மலையைத் திறந்துவிடவும் வந்தவை. ஆனால் பேருந்தில் போனவரின் ஜன்னலை எவரும் உடைக்க முடியாது. ஓட்டுநர்கள் மணிக்கொரு தடவை வந்துபோகும் முகப்பில் மீதிக் கார்களுக்கும் ஒரு கண் கிடைக்கிறது.

பணம் எங்கே என்ற கேள்விக்குச் சட்டமே பாதி விடை சொல்கிறது. தேசிய வனங்களில் பொழுதுபோக்குக் கட்டணம் வாங்க அதிகாரம் தரும் 2004-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், அடிப்படைக் கட்டணம் வாங்கும் இடத்தில் ஆறு வசதிகள் இருந்தாக வேண்டும் என்கிறது: ஒழுங்கான நிறுத்துமிடம், நிலையான கழிவறை, குப்பைத் தொட்டி, விளக்கப் பலகை, உணவு மேசை, ஆறாவதாகப் பாதுகாப்புச் சேவை. வாஷிங்டனிலும் ஓரிகனிலும் நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 30 டாலர் கொடுத்து வடமேற்கு வனச் சீட்டைக் கண்ணாடியில் தொங்கவிடுபவர் இந்த ஆறுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். இந்தப் பட்டியலை நீதிமன்றங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை; அரிசோனாவின் லெமன் மலை வழக்கில் 2012-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், வசதிகளைப் பயன்படுத்தாமல் காரை நிறுத்திவிட்டு நடக்கப் போகிறவரிடம் கட்டணம் வாங்க வனத்துறைக்கு உரிமையில்லை என்றது. கழிவறை இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே தெரியும். பாதுகாப்புச் சேவை இருக்கிறதா என்பதைச் சொல்ல எந்த அளவுகோலும் இல்லை, அதனால் அது எழுத்தளவில் நிற்கிறது. கட்டணத்தில் பொதுவாகக் குறைந்தது 80 விழுக்காடு வசூலான இடத்திலேயே செலவிடக் கிடைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி. ஷெரீஃப் அலுவலகங்களோடு ரோந்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள வனத்துறைக்கு 1971 முதலே சட்டவழி இருக்கிறது. கூடுதல் சுமை என்று சொல்வார்கள். கழிவறையைச் சுத்தம் செய்ய வாரந்தோறும் வண்டி போகும் இடத்துக்குக் கால் மணி நேரம் ஒரு காவலர் போவது தாங்க முடியாத சுமையல்ல.

செய்யத் தக்க முதல் வேலை எண்ணுவதுதான். ஒரே மலைச்சரிவில் ஒரு முகப்பு கூட்டாட்சி வனத்துறைக்கும், அடுத்தது மாநில இயற்கைவளத் துறைக்கும், அதற்கடுத்தது கவுண்டிப் பூங்காவுக்கும் சொந்தம். புகார் போவதோ ஷெரீஃபிடம், அங்கே அது சாலையின் பெயரோடு பதிவாகிறதே தவிரப் பாதையின் பெயரோடு அல்ல. காப்பீட்டுக் கழிவுத்தொகைக்குள் அடங்கும் உடைந்த கண்ணாடிக்காகப் பலர் புகாரே கொடுப்பதில்லை. எந்த முகப்பில், எந்தக் கிழமையில், எந்த மணிக்குள் எத்தனை கார் உடைந்தது என்று ஒரே பட்டியலில் மாதந்தோறும் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்து ரோந்து வண்டி போகட்டும், அதைப் பார்த்து மலையேறுபவர் எங்கே போவதென்று முடிவு செய்யட்டும். கட்டணம் வாங்கும் முகப்பில் பாதுகாப்புச் சேவை என்பதற்கு வாரத்துக்கு இத்தனை தடவை ரோந்து, புகாருக்கு இத்தனை நாளில் பதில் என்று வரையறை எழுதப்படட்டும். அதை நிறைவேற்ற முடியாத இடத்தில், குப்பைத் தொட்டியே இல்லாத இடத்தில் எப்படி வாங்கக் கூடாதோ அப்படியே, கட்டணமும் வாங்காமல் இருக்கட்டும்.